பார்த்தவனுக்கே கரடி

வித்துஸ் வீட்டு அடுப்பில் வெந்துகொண்டிருப்பது பகை நாட்டு ஊடுருவல்காரனின் தொடை என்று தலைநகரம் கோப்பன்ஹேகன் வரைக்கும் சேதி போய்விட்டது. அவன் பெண்டாட்டி தபீத்தா அதில் வெங்காயமும் ஒரு பிடி அரிசியும் போட்டு, மூடியை லேசாக ஒதுக்கி வைத்திருந்தாள். அது கரடித் தொடை என்பது எங்கள் ஊர் சாவெர்னாக்கில் தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். ஆணையத்துக்கும் தெரிந்திருக்கலாம். ஆனால் ஆணையம் எதையாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் மேலிடத்து அனுமதி வேண்டும். அது இன்னும் வந்து சேரவில்லை.

எப்படி இந்தக் கதிக்கு வந்தோம் என்று சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போகலாம். கரடிக்கறி வேக எப்படியும் நேரம் பிடிக்கும்.

ஆணையம் அதற்கு முந்தின கோடையில் கப்பலில் வந்து இறங்கியது. அதுவரை கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் எங்கள் ஊர் ஒன்று இருப்பதைத் தலைநகரம் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. ஒரு தேவாலயம், ஒரு கடை, மனிதர்களைவிட அதிகமாக நாய்கள், வருஷத்தில் முக்கால்வாசி உறைந்து கிடக்கும் கடல். இதை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? பிறகு பெரிய பெரிய நாடுகளெல்லாம் வரைபடத்தில் எங்கள் பக்கம் பார்த்து எச்சில் விழுங்குகின்றன என்று அங்கே யாரோ கண்டுபிடித்தார்களாம். அடுத்தவன் பார்க்கிறான் என்றதும் சொந்தப் பெண்டாட்டி அழகாகத் தெரிவதுபோல, தலைநகரத்துக்கு எங்கள்மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது.

'வடதுருவ இறையாண்மை, இருப்பு மற்றும் கண்காணிப்பு ஆணையம்' என்று பலகை வந்தது. ஆணையம் குடியிருந்த கன்டெய்னரைவிடப் பலகை நீளம். இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நின்றது. முதல் புயலிலேயே பிய்த்துக்கொண்டு பறந்துபோய் வேட்டைக்காரர் எரேமியாஸ் வீட்டுப் புகைபோக்கியை வழித்துச் சீவிவிட்டு, அவர் படகையும் இரண்டாகப் பிளந்துவிட்டுத்தான் கடலில் விழுந்தது. இறையாண்மை முதன்முதலில் எங்கள் ஊரைத் தொட்டது அப்படித்தான்.

ஆணையத்தின் தலைவர் கமாண்டர் டோர்கில் ப்ரூன்ஸ்கோர். இங்கே வருவதற்கென்றே தாடி வளர்த்துக்கொண்டு வந்தவர். அது ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் அவ்வளவு நன்றாக இல்லாமலும் வளர்ந்திருந்தது. அவருக்குக் கீழே ஒரு சார்ஜென்ட், சில சிப்பாய்கள். மொழிபெயர்க்கக் கடைக்காரி பென்டினே. கமாண்டர் டேனிஷில் அரைமணி நேரம் பேசினால் பென்டினே எங்கள் பாஷையில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவாள். அதனாலேயே அவர் கூட்டங்களுக்கு ஊர் தவறாமல் போனது.

வந்த வாரமே கொடிக்கம்பம் நட்டார்கள். ஊர் முழுக்கப் பாறை. சரி, கற்களை அடுக்கி நிறுத்துங்கள், தேவாலயக் கம்பமே அப்படித்தான் நிற்கிறது என்று சொல்லிப் பார்த்தோம். அடுக்கிய கல்லில் நிற்கும் கொடி தற்காலிகமானது, நாடு தற்காலிகமானதல்ல என்றார் கமாண்டர். வெடிமருந்து வைத்தார்கள். ஒரு கம்பத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியாமல் துறைமுகத்துக்கு வேண்டிய அளவு வைத்துவிட்டார்கள். பாறை மேலே போய் ஊர்மேல் இறங்கியது. தேவாலயத்துக் கண்ணாடிகள் போயின. மீன் காயவைக்கும் பந்தல்கள் போயின. வித்துஸின் நாய் ஒன்றின்மேல் மேசை அகலத்துக்கு ஒரு பாளம் விழுந்து, முன்பாதி மட்டும் சங்கிலியோடு கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டிருந்தது.

புகை அடங்கியதும் குழிக்குப் பக்கத்தில் நின்று கமாண்டர் நீளமாகப் பேசினார். இந்த மண் இன்று நம் வசமாயிற்று, இங்கே இனி யாரும் அச்சமின்றி வாழலாம் என்றெல்லாம் பேசினாராம். பென்டினே தலையிலிருந்து கற்பொடியைத் தட்டிக்கொண்டு சொன்னாள்:

"முடிஞ்சிருச்சாம். எல்லாரும் வீட்டுக்குப் போகலாமாம்."

வித்துஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தன் காலை மற்றவன் மிதித்தாலும் தானே மன்னிப்புக் கேட்கிற ஆள். வேட்டைக்காரன். சீல் என்னும் கடல் விலங்கு, ஹாலிபட் மீன், ஆண்டுக்கு ஒரு கரடி கிடைத்தால் அதிர்ஷ்டம். இதெல்லாம் அவனுக்கு நாய்களால் வந்தது. உறைந்த கடலில் நாய்கள் சறுக்குவண்டியை இழுத்தால் சோறு, இழுக்காவிட்டால் பட்டினி. நாய்களை விற்றவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்குத் தபீத்தாவின் அண்ணனே சாட்சி. அவர் நகரத்துக்குப் போய் மூன்றாவது மாடியில் அரசாங்க வீட்டில் உட்கார்ந்து கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் அங்கே ஒரு கார்கூட வரவில்லை என்று தபீத்தா சொல்வாள். வித்துஸுக்கு அந்த மூன்றாவது மாடி கனவில் வரும். வேர்த்து எழுந்து, வெளியே போய், தலைநாய் சிக்குவின் கழுத்தில் கையை விட்டுக்கொண்டு நிற்பான். சிக்கு பெட்டை. ஒற்றைக் காது. மெல்லிய பனிக்கட்டி எங்கே இருக்கிறது என்று காலாலேயே அறிந்து ஒதுங்கிப் போகும். இரண்டு முறை அவன் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அவனை ஒருமுறை கடித்தும் இருக்கிறது, ஆனால் அது அவன் தப்புதான் என்பான்.

குளிர்காலம் வந்ததும் ஆணையத்துக்குப் பயிற்சி செய்ய வேண்டியிருந்தது. பயிற்சிக்கு எதிரி வேண்டும். எதிரிக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது நிஜமாக இருக்காது என்று விதிமுறையில் இருந்ததாம். அதனால் சொல்லவில்லை. வித்துஸ் இரண்டு சீல்களை வண்டியில் கட்டிக்கொண்டு, மீசையெல்லாம் உறைந்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்பும்போது பனிக்குள்ளிருந்து சிப்பாய்கள் எழுந்து மேலே விழுந்தார்கள். துப்பாக்கிக் கட்டையால் மூக்கில் ஒன்று. வாயில் ஒன்று. முன்பற்கள் இரண்டும் பனியில் விழுந்தன. அவன் குனிந்து அவற்றைத் தேடப் போனபோது முதுகில் ஏறி உட்கார்ந்து கையைப் பின்னால் முறுக்கினார்கள். தோள்பட்டையிலிருந்து சத்தம் வந்தது. வித்துஸ் மன்னிப்புக் கேட்டான்.

எந்த நாடு அனுப்பியது என்று கேட்டார்கள். சாவெர்னாக் என்றான். உன் மேலதிகாரி யார் என்றார்கள். தபீத்தா என்றான். இரண்டையும் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு கன்டெய்னருக்குள் உட்காரவைத்து, மூக்கில் பஞ்சு அடைத்து, காப்பி கொடுத்தார்கள். கமாண்டர் எதிரில் உட்கார்ந்து மிகவும் மரியாதையாக விசாரித்தார். பென்டினே மொழிபெயர்த்தாள்.

"அண்ணே, பிடிச்சது எப்படி இருந்துச்சுன்னு கேக்குறார். மக்கள் கருத்தாம். குறை ஏதும் இருந்தா அடுத்த தடவை சரி பண்ணிக்குவாங்களாம்."

வித்துஸ் நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்தான்.

"நல்லாத்தான் இருந்துச்சு. அடி எல்லாம் சரியான இடத்துலதான் விழுந்துச்சு."

"அப்ப திருப்திதானான்னு கேக்குறார்."

"என் பல்லு ரெண்டும் அங்க பனியிலே கெடக்கு. போகும்போது எடுத்துக்கலாமான்னு கேளு."

அது பயிற்சிப் பகுதி, இப்போது யாரும் நுழையக் கூடாது என்று பதில் வந்தது. தபீத்தா அன்றைக்குப் பேசியதை நான் எழுத முடியாது. கன்டெய்னர் கதவுக்கு வெளியே நின்று கமாண்டரின் தாடி, அதன் இரண்டு பக்கங்கள், அவர் தாயார் என்று வரிசையாகப் போனாள். கமாண்டர் கதவைத் திறந்து என்னவென்று கேட்டார். நன்றி சொல்கிறாள் என்றாள் பென்டினே.

இனிமேல்தான் கரடி.

ஏப்ரலில் ஒரு நாள், வெயிலும் மூடுபனியுமாக உறைந்த கடல் மங்கிக் கிடந்தது. வித்துஸ் முன்னால், எரேமியாஸ் கொஞ்சம் பின்னால், இரண்டு வண்டிகளில், பனி முடிந்து தண்ணீர் தொடங்கும் விளிம்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். பனிமலையின் அடியில் மஞ்சளாக ஒன்று அசைந்தது. வித்துஸ் கையை நீட்டி, "அதோ" என்றான். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லோடு அந்தக் கரடி அவனுடையதாகிவிட்டது.

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். கரடியை யார் கொன்றாலும் சரி, முதலில் பார்த்தவனுக்கே கரடி. தோலும் தலையும் அவனுக்கு. அடுத்து வந்து சேர்ந்தவனுக்குத் தொடை, அதற்கடுத்தவனுக்கு விலா என்று இறங்கிக்கொண்டே போகும். அதில் பொய் சொல்வது இல்லை. நீ முதலில் பார்த்தாயா நான் முதலில் பார்த்தேனா என்று ஒருமுறை ஒருவன் பொய் சொன்னான். பிறகு அவனோடு யாரும் பனிக்குப் போகவில்லை. கடைசியில் அவன் நகரத்துக்கே போய்விட்டான். மூன்றாவது மாடிக்கு.

வித்துஸ் நாய்களின் வாரை அறுத்துவிட்டான். அவை போய்க் கரடியைச் சுற்றிக்கொண்டு குரைத்தன. அவன் துப்பாக்கியை எடுக்கும்போது குன்றின்மேல் ஆணையத்தின் சிறு பீரங்கி முழங்கியது.

முதல் குண்டு எரேமியாஸின் வண்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. வண்டி சுள்ளியாகச் சிதறியது. எரேமியாஸ் எழுந்து நின்றபோது அவர் இடது காதின் மேல்பாதி இல்லை. இரண்டாவது குண்டு பனிமலையில் பட்டது. மூன்றாவது கரடியின்மேல். கரடியின் பின்பகுதி மேலெழும்பி, சிவப்பாக விரிந்து, தனித்தனியாகக் கீழே வந்தது. வித்துஸின் நாய்களில் ஒன்று அதோடு போயிற்று. முன்பகுதி இன்னும் கைகளால் ஊன்றி இரண்டடி நகர்ந்தது. அப்புறம் இயந்திரத் துப்பாக்கி ஓயாமல் அடித்தது. செத்த பிறகும் அடித்தார்கள். வித்துஸும் எரேமியாஸும் முகத்தைப் பனியில் புதைத்துக்கொண்டு கிடந்தார்கள்.

"மச்சான்," என்றார் எரேமியாஸ் ரத்தம் வழியும் காதைப் பொத்திக்கொண்டு, "தோலு உனக்குத்தான். ஆனா தச்சுத்தான் எடுத்துக்கணும்."

குன்றின்மேல் வெப்பம் பார்க்கும் கருவி ஒன்று வைத்திருந்தார்கள். அதில், வெள்ளை உடை அணிந்த ஓர் உருவம் தவழ்ந்து வருவது தெரிந்ததாம். குண்டு விழுந்த கையோடு கமாண்டர் வானொலியில் தலைநகரத்துக்குச் சொல்லிவிட்டார்: ஊடுருவல் முறியடிக்கப்பட்டது, ஊடுருவியவர் வீழ்த்தப்பட்டார். அவர் குன்றிலிருந்து இறங்கிப் பனியில் நடந்து வந்து சேருவதற்குள் அமைச்சர் நாடாளுமன்றத்தில் அறிவித்துவிட்டார். எதிர்க்கட்சிக்காரர்கள்கூட எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

கமாண்டர் வந்து பார்த்தார். கரடியின் தலையைப் பார்த்தார். ஒரு பாதத்தைக் கையில் எடுத்து, நகங்களைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகத்தில் தாடி குறைந்த பக்கம் வெளுத்துப்போனது.

"மறைப்பு உடை," என்றார் கடைசியில். "மிக உயர்ந்த தரம்."

பென்டினே மொழிபெயர்க்காமல் அவரிடமே நேராகச் சொன்னாள். "ஐயா, அது கரடிங்க."

"நாம் அப்படித்தான் நினைக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அவர்களுடைய திறமையே அதில்தான் இருக்கிறது. கரடியை ஒருவர் கரடி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அமைச்சர் பேசிவிட்டார். இப்போது இதைக் கரடி என்றால், அது அவருக்கு எதிரான ஊடுருவலாகிவிடும்."

அதற்குள் ஊர் கத்திகளோடு வந்துவிட்டது. வீணாக்கக் கூடாதல்லவா. தோலையும் தலையையும் வித்துஸுக்கு ஒதுக்கினார்கள். எரேமியாஸுக்குத் தொடை என்றுதான் கணக்கு. ஆனால் ஒரு தொடைதான் முழுசாக இருந்தது. அதை அவர் வித்துஸுக்கே கொடுத்துவிட்டு, காதுக்குக் கட்டுப்போடப் போய்விட்டார். கடைக்கு ஒரு விலா. பாதிரியாருக்குத் தோள். ஊர் முழுக்க அன்றைக்கு அடுப்பெரிந்தது. அதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் விசாரணை. குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் கமாண்டர் முழங்காலை முகவாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊரே வந்திருந்தது. எல்லோரும் நல்ல உடுப்புப் போட்டிருந்தார்கள், கரடிக்கு வாழ்த்துச் சொல்லும் கூட்டம் என்று நினைத்து. கமாண்டர் கேட்ட முதல் கேள்வியும் அப்படித்தான் இருந்தது: இதை முதலில் பார்த்தது யார்?

வித்துஸ் என்றது ஊர், ஒரே குரலில்.

அப்படியானால் இது யாருடையது?

வித்துஸோடது என்றது ஊர். சிலர் அவன் முதுகில் தட்டினார்கள். வித்துஸ் பல்லில்லாத வாயை மூடிக்கொண்டு வெட்கப்பட்டான்.

கமாண்டரின் பேனா நின்றது. வேறு யாருக்கெல்லாம் இதில் பங்கு என்று கேட்டார். எரேமியாஸ் பெருமையாகக் கையைத் தூக்கினார். கடைக்கு ஒரு விலா என்று பென்டினே தன்னையும் சொல்லிக்கொண்டாள். தோள் வாங்கியதைப் பாதிரியார் மறைக்கவில்லை. சிறிய பங்கு வாங்கியவர்கள்கூட விட்டுப்போய்விடுமோ என்று எழுந்து நின்று சொன்னார்கள். ஒரு கிழவர் தனக்கு நாக்கு கிடைத்தது என்றார். கமாண்டர் தலையை நிமிர்த்தாமல் எழுதினார். அது கரடியே இல்லை என்று ஆகிவிட்ட பிறகு, ஊடுருவல்காரன் ஒருவனுக்கு வித்துஸ் சொந்தக்காரன், ஊர் முழுக்கப் பங்காளி.

பிறகு அவர் எழுந்து பேசினார். அன்றைக்குப் பென்டினே சுருக்கவில்லை. சொல்லுக்குச் சொல் பெயர்த்தாள்.

"இந்த ஊரை நான் நேசிக்கிறேன். அதனால்தான் இதைச் சொல்லும்போது வலிக்கிறது. இங்கே ஒரு வலை இருக்கிறது. நீங்களே வாய்விட்டு ஒப்புக்கொண்ட வலை. ஒரு நாட்டைக் காப்பாற்றுவதற்கு அதில் வாழ்கிறவர்கள் எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பது தலைநகரத்தில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. இங்கே சிறைச்சாலை இல்லை. ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பலாம் என்றால் அதில் அமைச்சர் வருகிறார், இடமில்லை. ஆகவே வித்துஸ் என்ற நபரைச் சுதந்திரமாக விடுகிறேன். ஆனால் எதிரியின் போக்குவரத்து வசதியை விட்டுவைக்க முடியாது."

வித்துஸுக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் போக்குவரத்து வசதி என்றால் எது என்று கேட்டான். தபீத்தாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் எழுந்து வெளியே ஓடினாள்.

நாய்கள் கடற்கரையில் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. சார்ஜென்ட் ஒரு கோடியிலிருந்து தொடங்கினார். நல்லவர்தான், கடையில் மிட்டாய் வாங்கினால் வழியில் பார்க்கிற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பார். முதல் நாய் சாப்பாடு என்று நினைத்து அவரைப் பார்த்து வாலாட்டியது. நெற்றியில் சுட்டார். இரண்டாவது சங்கிலியை இழுத்துக்கொண்டு துள்ளியதில் குண்டு தாடையில் பட்டுத் தாடை தொங்கியது. இன்னொருமுறை சுட வேண்டியிருந்தது. அதன் பிறகு மற்ற நாய்களுக்கும் தெரிந்துவிட்டது. ஊளை ஊர் முழுக்கக் கேட்டது. எல்லா வீட்டு நாய்களும் சேர்ந்துகொண்டன. தபீத்தா சார்ஜென்டின் கையைக் கடித்துத் தொங்கினாள். ஒரு சிப்பாய் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்துப் பனியில் தள்ளி, முதுகில் பூட்ஸை வைத்துக்கொண்டான். சார்ஜென்ட் ரத்தம் வடியும் கையாலேயே மறுபடி துப்பாக்கியைத் தூக்கினார். மூன்றாவது. நான்காவது. பனி ரோஜா நிறமாகி, பிறகு கறுத்தது. வரிசையின் கடைசியில் சிக்கு எழுந்து நின்று வித்துஸையே பார்த்துக்கொண்டிருந்தது, என்ன கட்டளை என்று கேட்பதுபோல.

பென்டினே பின்னாலிருந்து வந்து வித்துஸின் கையைப் பிடித்தாள். கமாண்டரின் தொலைபேசிப் பேச்செல்லாம் கடை வழியாகத்தான் போகும். அவளுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

"அண்ணே, கேளு. அமைச்சர் பதக்கத்தோட வர்றாரு. ஊடுருவலை முதல்ல கண்டுபிடிச்சவருக்குக் குடுக்கத்தான். யாருன்னு கேட்டுக் காலையிலேயிருந்து போன் மேல போன். ஊரே உன் பேரைச் சொல்லிருச்சு. அதான் இவருக்கு வயித்தெரிச்சல். உன்னைய சதிகாரனாக்கலேன்னா பதக்கம் உனக்குல்ல வந்துரும்."

"நான்தானே பாத்தேன்."

"அவரு பாத்தாருன்னு சொல்லிடு."

ஐந்தாவது நாய் விழுந்தது. வித்துஸ் ஊரைப் பார்த்தான். எல்லோரும் இருந்தார்கள். இவர்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும். சொன்னால் நாளைக்கு இவர்களில் யார் தன்னோடு பனிக்கு வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தான். ஒருவரும் தேறவில்லை. பிறகு சிக்குவைப் பார்த்தான். சார்ஜென்ட் அடுத்த நாய்க்கு நகர்ந்திருந்தார்.

"நான் முதல்ல பாக்கல," என்றான் வித்துஸ். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொருமுறை உரக்கச் சொன்னான். "நான் முதல்ல பாக்கல. கமாண்டர் ஐயாதான் பாத்தாரு. மேலேருந்து. கரடி அவரோடது."

பென்டினே கரடி என்ற சொல்லை மட்டும் மாற்றி மொழிபெயர்த்தாள்.

கமாண்டர் கையை உயர்த்தினார். துப்பாக்கி தாழ்ந்தது. அவர் முகம் மலர்ந்த அழகைச் சொல்லி முடியாது. தாடியின் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தெரிந்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு சிரமம் வந்திருக்காதே, உண்மை எப்போதும் எளிமையானது என்றார். எரேமியாஸ் கட்டுப்போட்ட காதோடு வித்துஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பனியில் துப்பிவிட்டு வீட்டுக்குப் போனார். ஊரும் ஒவ்வொருவராகப் போனது. வித்துஸும் தபீத்தாவும் செத்த நாய்களைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்தார்கள். ஒன்று இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அதை வித்துஸே முடித்தான்.

அமைச்சர் வந்தார். வழக்கம் வழக்கம்தான், கரடி கமாண்டருடையது என்று ஆகிவிட்டால் மரியாதையும் அவருக்குத்தான். பெண்கள் குண்டு துளைத்த தோலைத் தைத்துக் கொண்டுபோய்க் கமாண்டரின் கையில் கொடுத்தார்கள். தலையையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கொடுத்தார்கள். ஒருவர் பார்த்த முதல் கரடி என்றால் அவர் ஊருக்கே காப்பி விருந்து வைக்க வேண்டும். ஊர் கன்டெய்னருக்குள் புகுந்து ஆணையத்தின் பிஸ்கட், பன்றிக்கறி டப்பா, பழரசம் எல்லாவற்றையும் தின்று தீர்த்து, ஒவ்வொருவராகக் கமாண்டரின் கையைக் குலுக்கி, "நீங்கதான் முதல்ல பாத்தீங்க" என்று வாழ்த்தியது. வித்துஸ் மட்டும் வரவில்லை. அவனை யாரும் அழைக்கவும் இல்லை.

கொடிக்கம்பத்தின் கீழே அமைச்சர் பேசினார். "இந்தப் பனிப்பரப்பில் மனிதர்களே இல்லை. அதனால்தான் நாம் இங்கே இருக்க வேண்டியிருக்கிறது" என்றார், எங்கள் எல்லோரையும் பார்த்து. நாங்கள் கைதட்டினோம். மரியாதைக்குப் பீரங்கி வெடித்தார்கள். வெற்று வெடி தீர்ந்துபோயிருந்ததால் நிஜக் குண்டையே போட்டார்கள். அது மீன் கிடங்கின் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

போவதற்கு முன் அமைச்சர் ஒரு புது ஆணையில் கையெழுத்துப் போட்டார். பென்டினே அதைக் கடைக் கதவில் ஒட்டினாள். இனி நிலத்திலோ பனியிலோ கடலிலோ எதையும் முதலில் பார்க்கும் உரிமை ஆணையத்துக்கு மட்டுமே. பொதுமக்கள் எதையாவது பார்க்க நேர்ந்தால் கமாண்டர் பார்க்கும்வரை பார்க்கக் கூடாது. மீறினால் போக்குவரத்து வசதி அழிக்கப்படும்.

ஊர் இதை அப்படியே கடைப்பிடித்தது. எல்லோரிடமும் நாய்கள் இருந்தன.

அந்தக் கோடையில் வித்துஸ் தனியாகத்தான் மீன் பிடித்தான். படகில் கூட உட்கார ஆளில்லை. கடையில் அவன் நுழைந்தால் பேச்சு நிற்கும். இருந்த சில நாய்களுக்குச் சீல் கறி வெட்டிப் போட்டுக்கொண்டு பெரும்பாலும் கரையிலேயே கிடந்தான். சிக்கு குட்டி போட்டிருந்தது. குளிர்காலத்துக்குள் வளர்ந்துவிடும், மறுபடி ஒரு வரிசை சேரும் என்று தபீத்தாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆகஸ்டில் ஒரு மதியம், வானம் துடைத்துவைத்ததுபோல இருந்தபோது, சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கப்பல் வந்து வளைகுடா நடுவில் நங்கூரம் போட்டது. எந்தக் கொடி என்று சொல்ல நான் அதைப் பார்த்திருக்க வேண்டும். யாருமே பார்க்கவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் மலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எரேமியாஸ் தன் புதுப் படகைக் கவிழ்த்துப்போட்டு அதன் அடிப்பாகத்தை ஆராய்ந்தார். பாதிரியார் ஜன்னலை மூடினார். பென்டினே கடை வாசற்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

கமாண்டர் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் கன்டெய்னருக்குள் உட்கார்ந்து, அண்மைக்காலமாக ஊடுருவல் எதுவும் இல்லாததற்குத் தன் பதக்கமே காரணம் என்று அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். குன்றின்மேல் கருவியைப் பார்த்திருந்த சிப்பாய், கடலில் கரடி எதுவும் இல்லை என்று தூங்கிவிட்டான்.

ஆயுதத்தோடு ஆட்கள் படகுகளில் வந்து இறங்கினார்கள். வித்துஸின் பக்கமாகத்தான் ஏறிப் போனார்கள். சிக்கு உறுமியது. வித்துஸ் அதன் வாயைக் கையால் மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, கறியை வெட்டிக்கொண்டே இருந்தான். மேலே சத்தம் கேட்டது. குன்றில் பீரங்கி வெடித்துச் சிதறியது. துப்பாக்கிக் கட்டைகள் எலும்பில் விழும் சத்தம் வித்துஸுக்குத் தெரிந்த சத்தம்தான். சார்ஜென்ட் இரண்டு முறை சுட்டார். மூன்றாவது முறை சுடவில்லை. கொடிக்கம்பத்தின் அடியில் ஏதோ வைத்தார்கள். பாறை மறுபடி மேலே போய் மறுபடி ஊர்மேல் இறங்கியது. தேவாலயத்துக்குப் புதிதாகப் போட்ட கண்ணாடிகளும் போயின.

கமாண்டரைக் காலுறையோடு இழுத்துக்கொண்டு வந்தார்கள். மூக்கு உடைந்திருந்தது. பதக்கம் சட்டையில் ஒரு பக்கமாகத் தொங்கியது. படகுக்குப் பக்கத்தில் வந்ததும் அவர் காலை ஊன்றிக்கொண்டு, டேனிஷில் கத்தினார். பென்டினே சுவரைப் பார்த்தபடியே, பழக்கத்தில், மொழிபெயர்த்தாள்.

"வித்துஸ் அண்ணே, இவங்க யாருன்னு நல்லாப் பாத்துக்கச் சொல்றாரு. தலைநகரத்துக்குச் சொல்லணுமாம். நீ பாத்ததைச் சொல்லணுமாம்."

வித்துஸ் அப்போதுதான் தலையைத் தூக்கினான். படகைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்க்கவில்லை. கமாண்டரின் முகத்தை மட்டும் பார்த்தான்.

"நான் எதையும் பாக்கலேன்னு சொல்லு. ஐயாதான் முதல்ல பாத்தாரு. முழுசும் அவருக்குத்தான். நான் பங்கு கேக்க மாட்டேன்."

பென்டினே மொழிபெயர்த்தாள். இந்த முறை ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

படகு போயிற்று. கப்பல் நங்கூரத்தைத் தூக்கியது. கவிழ்த்துப்போட்ட படகின் பக்கத்திலிருந்து எரேமியாஸ் எழுந்து வந்து, வித்துஸின் எதிரில் குந்தினார். சிக்குவின் குட்டி ஒன்றைப் பிடறியில் தூக்கிப் பார்த்தார்.

"இதுக இந்தக் குளிருக்கு வண்டி இழுக்காது மச்சான்," என்றார். "என்கிட்ட நாலு நாய் இருக்கு. பனிக்கு வர்றியா?"